ஒரு மிக்ஸி ஜாரும் ஊர்ப்பட்ட பொய்யும்

தென்காசி,
சாரல் விட்டுவிட்டு அடிக்கும் சாயங்காலம்.

அன்புள்ள கோமு,

அண்ணனுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? பேத்தி நாலு வார்த்தை சேர்த்துப் பேசுதாளா? போன் போட்டா, "குக்கர் விசில் அடிக்கி, அப்புறம் பேசுதேன்"னு வச்சிடுத. அதான் உக்காந்து எழுதுதேன். கடுதாசின்னா நடுவுல நீ அடுப்பைப் பாக்கப் போனாலும் என் வாய் நிக்காதுல்லா.

அன்னைக்கு ரொம்பப் பெருமையாச் சொன்னியே, ரசத்தை அடுப்புல வச்சிட்டு கொத்தமல்லிக்கு ஆர்டர் போட்டா, அது நுரை கட்டுததுக்குள்ள தம்பி வந்து பெல் அடிக்கான்னு. ஏட்டி, அதைக் கேட்டதுல இருந்து எனக்கு வயித்தெரிச்சல். வேளச்சேரிக்காரிக்கு ஒரு நியாயம், தென்காசிக்காரிக்கு ஒரு நியாயமா?

எங்க வீட்டு மிக்ஸியில சட்னி ஜார் புஷ் தேஞ்சு, அரைக்க அரைக்க அடியில கருப்பா எண்ணெய் கசிய ஆரம்பிச்சிட்டு. ரிப்பேர் கடை அண்ணாச்சி கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இந்த மாடலைக் கம்பெனிக்காரனே மறந்திருப்பான் அக்கா, ஆன்லைன்ல தேடிப் பாருங்க"ன்னுட்டாரு. தேடினேன், இருந்துச்சு. "வியாழக்கிழமைக்குள் டெலிவரி"ன்னு பச்சை எழுத்துல போட்டிருந்தான். பணத்தையும் கட்டிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி பாக்கேன், வியாழன் சனியாகி இருக்கு. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. சனிக்கிழமை பாத்தா தேதியே இல்லை, "விரைவில்"னு மட்டும் நிக்கி. அந்தப் பச்சை எழுத்து மட்டும் மாறலை, பாத்துக்கோ. பொய் சொன்னாலும் பச்சையிலதான் சொல்லுவான்.

ஜார் போன வழியைக் கேட்டா நீ சிரிப்ப. பெங்களூருல ஏறிச்சு, மதுரைக்கு வந்துச்சு, திருநெல்வேலிக்கும் வந்துட்டு. நான் பொரிகடலையை வறுத்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். திருநெல்வேலிக்கும் நமக்கும் என்ன தூரம் சொல்லு? ஆலங்குளம், பாவூர்சத்திரம் தாண்டினா வீடு. மறுநாள் காலையில பாக்கேன், ஜார் கோயம்புத்தூர்ல இருக்கு! "வழி நெடுக சொந்தக்காரங்களைப் பாத்துட்டு வரட்டும், விடு"ன்னு இவுக கிண்டல் வேற.

இப்படி ஏன் ஆகுதுன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது. பார்சலைத் தனித்தனியா லாரியில ஏத்துததில்லையாம். ஒரு ஊருக்குப் போறதையெல்லாம் ஒரே சாக்குல போட்டு, வாயைக் கட்டி சீல் வச்சிடுவாங்களாம். அதுக்கு அப்புறம் வழியில ஸ்கேன் பண்ணுததெல்லாம் சாக்கைத்தான். நம்ம சாமான் தப்பான சாக்குக்குள்ள விழுந்துட்டா, அந்தச் சாக்கு போற ஊருக்குப் போயி, அங்க வாயை அவுத்தாத்தான் ஆளு மாறிப் போச்சுன்னு தெரியும். பெறகு அங்க இருந்து திரும்பி வரணும். நம்மள மாதிரி சின்ன ஊருன்னா லாரியும் தினம் நிறையாது, லோடு சேருத வரைக்கும் காத்துக் கிடக்கும்.

இதுல நம்ம விலாசம் வேற ஒரு கூத்து. நாம தனி மாவட்டமாகி எத்தனை வருஷம் ஆச்சு? 2019 நவம்பர் 22. அன்னைக்குத் தெருத்தெருவா வெடி போட்டாங்களே. ஆனா பின்கோடு அதே 627தான். அந்த நம்பரை அடிச்ச உடனே மாவட்டம்ங்கிற கட்டத்துல "திருநெல்வேலி"ன்னு தானா வந்து உக்காந்துக்கிடுது. மதினி விடாம அழிச்சு அழிச்சுத் தென்காசின்னு போட்டுப் பாத்தாக, அது விடவே இல்லை. பின்கோடைக் குத்தம் சொல்ல முடியாது. 1972 சுதந்திர தினத்தன்னைக்கு அதைக் கொண்டுவந்தப்ப, கடிதாசியைப் பிரிக்கிறதுக்குன்னு முதல் மூணு நம்பரை வச்சாங்க. அப்ப நாம நெல்லைச் சீமைதானே. இப்ப தபால்காரங்க 2025ல டிஜிபின்னு புதுசா ஒண்ணு கொண்டுவந்திருக்காங்க. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒரு நம்பராம். என் வீட்டு அடுக்களைக்கு ஒண்ணு, வாசலுக்கு ஒண்ணுன்னு தனித்தனி நம்பர் இருக்கும்போல. மாவட்டப் பேரையே மாத்தத் தெரியாதவன் அடுக்களையைத் தேடி வருவானாக்கும்.

சரி, ஜார் கதைக்கு வாரேன். ஒரு வழியா "இன்று டெலிவரி"ன்னு வந்துச்சு. நான் குளிக்கப் போறதைக்கூடத் தள்ளி வச்சிட்டு, வாசப்படியில முறத்தைப் போட்டு முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன். தெருவுல போற நாய்கூட எனக்குத் தெரியாமப் போகலை. கீரையில பாதி ஆய்ஞ்சிருப்பேன், போன் டிங்குன்னுச்சு. எடுத்துப் பாத்தா, "டெலிவரி செய்ய முயன்றோம். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை."

ஏட்டி கோமு, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முறம் தெருவுல போச்சு. இவுக உள்ளே இருந்து எட்டிப் பாத்து, "நீ வீட்ல இல்லியாமே? எங்க போயிருந்த?"ங்காக. முப்பத்தஞ்சு வருஷமாக் குடும்பம் நடத்துத மனுஷன் கேக்குற கேள்வியா இது?

மறுநாள் அந்தத் தம்பி வந்தான். கூடிப்போனா எங்க வீட்டுச் சின்னவன் வயசு இருக்கும். நல்லாத் திட்டணும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். சாரல்ல நனைஞ்சு, பைக் பின்னால ஆள் உசரத்துக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டு நிக்கான். வாய் வரலை. காப்பியைக் குடுத்து உக்கார வச்சுக் கேட்டேன். சாக்குக் கதை சொன்னது அவன்தான். ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் கூலியாம், பைக்கும் பெட்ரோலும் அவன் செலவாம். சீசன் நேரம், குத்தாலம் ரோட்டுல வண்டி நகரவே மாட்டேங்குது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது கையில இருக்கிற ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு பட்டியல்ல இருந்து ஏதாவது ஒரு காரணம் போட்டே ஆகணுமாம். "எனக்கு நேரம் பத்தலை"ங்கிறதுக்கு அந்தப் பட்டியல்ல இடமே கிடையாது அக்கா, "ஆள் இல்லை", "விலாசம் கிடைக்கலை", "வேற நாள் கேட்டாங்க", இதுல ஒண்ணைத்தான் அமுக்கணும்னான். ஆக, வெயில்லயும் மழையிலயும் அலையுத பயலையும் பொய்யனாக்கி, கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த என்னையும் ஊர்சுத்தியாக்கி, நடுவுல எவனோ ஏசி ரூம்ல உக்காந்து அந்தப் பட்டியலை எழுதி வச்சிருக்கான். இப்படியே மூணு தடவை "ஆள் இல்லை"ன்னு விழுந்துட்டா சாமான் வித்தவனுக்கே திரும்பிப் போயிடுமாம், அதையும் கேட்டுக்கோ.

எனக்குத் தாமதம் பெரிசில்லை, கோமு. நாம காத்துக்கிடக்காத ஆளுங்களா? எங்க அப்பா மெட்ராஸ் பதிப்பகங்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுவாக. வி.பி.பி.யில புஸ்தகம் வரும், தபால்காரர் வாசல்ல நிப்பாரு, ரூபாயைக் குடுத்துப் பிரிப்போம். நீயும் திண்ணையில வந்து பங்குக்கு உக்காருவ. என்னைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. என்னைக்கு வரும்னு யாரும் சொன்னதும் இல்லை, அதான் விஷயம். இந்த வி.பி.பி. 1877லயே நம்ம நாட்டுல வந்தாச்சாம். 2010ல ஃபிளிப்கார்ட் "சாமான் வந்ததும் பணம்"னு ஆரம்பிச்சப்ப என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி எல்லாரும் பேசினாக. எங்க தெரு தபால்காரர் கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு. வியாழன்னு வாக்குக் குடுத்தது அவன். நான் கேக்கவே இல்லை. குடுத்த வாக்கை ராத்திரியோட ராத்திரியா அழிச்சு எழுதுததுதான் எனக்குப் பொறுக்கலை.

உன் கொத்தமல்லி ரகசியமும் அந்தத் தம்பி சொல்லித்தான் தெரிஞ்சுது. அங்க யாரும் பறந்து வரலை. உங்க ஏரியாவுலயே, ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள குடோன் போட்டு, நீ கேக்குததுக்கு முந்தியே கொத்தமல்லியைக் கட்டி அடுக்கி வச்சிருக்கான். இங்க குடோன் போட்டா எவன் பத்து நிமிஷத்துல கொத்தமல்லி வாங்குவான்? தெருமுனை ஆச்சி கூடையில வச்சிருக்காளே, அதுவும் கொசுறா.

மதினி கதையைச் சொல்லாம விட்டா கடுதாசி முடியாது. மக வளைகாப்புக்கு அலங்காரத் தட்டு, பேர் போட்ட குங்குமச்சிமிழ்னு வெளியூர்க் கடை ஒண்ணுல ஆன்லைன்ல சொல்லியிருந்தாக. விசேஷத்துக்கு நாலு நாள் முந்தியே வரும்னு எழுதியே குடுத்திருந்தான். வளைகாப்பு முடிஞ்சு, புள்ளையத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பந்தலையும் பிரிச்ச பெறகு வந்துச்சு தட்டு. திருப்பி எடுத்துக்கோன்னா, "பேர் போட்ட சாமான், திருப்ப மாட்டோம்"னுட்டான். மதினி அழுத அழுகை இருக்கே, என்னவோ புள்ளை பொறந்து தவறின மாதிரி.

பக்கத்து வீட்டுல தாலுகா ஆபீஸ் ரிட்டயர்டு சார் இருக்காருல்லா, அவருதான் சட்டத்தை எடுத்துச் சொன்னாரு. 2020ல மின்வணிகத்துக்குன்னு நுகர்வோர் விதி போட்டிருக்காங்களாம். சொன்ன தேதிக்கு அப்புறம் கொண்டு வந்தா, திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு வித்தவன் சொல்லக் கூடாதாம். வெள்ளம், புயல் மாதிரி கைமீறின காரணம்னாத்தான் அவனுக்கு விலக்கு. குறைதீர்க்கிற அதிகாரின்னு ஒருத்தரை வச்சு, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள்ள "கிடைச்சுது"ன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். அவன் மசியலைன்னா 1915க்குப் போன் பண்ணிச் சொல்லலாம், அது நுகர்வோர் உதவி எண். மதினி சார் சொன்னபடி வார்த்தை மாறாம எழுதி அனுப்பினாக. அதுவரைக்கும் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சிக்கிட்டு இருந்தவன், விதியோட பேரை எழுதின உடனே நேராப் பேச ஆரம்பிச்சிட்டான். பணம் வந்துட்டு. குங்குமச்சிமிழை மட்டும் மதினி திருப்பிக் குடுக்க மாட்டேன்னு எடுத்து வச்சுக்கிட்டாக, அதை யாருகிட்டயும் சொல்லிடாத.

இன்னொரு சங்கதி. வீட்டுல ஆள் இல்லைன்னா எங்க தெருப் பார்சல் எல்லாம் எதிர்ல இருக்கிற ஸ்டேஷனரி கடையிலதான் இறங்குது. அண்ணாச்சி நோட்டுப் போட்டு எழுதி வைக்காரு. அவருக்குத் தெரியாத ரகசியம் தெருவுல இல்லை. யாரு தலைக்குச் சாயம் வாங்குதா, யாரு வீட்டுக்காரர் முடி வளருத எண்ணெய்க்கு மாசாமாசம் எவ்வளவு தொலைக்காரு, எல்லாம் கைவிரல்ல. நம்மகூடப் படிச்சாளே ஒருத்தி, பேரு வேண்டாம், வாங்குத புடவை எல்லாம் அண்ணாச்சி கடையிலயே இறங்கி, அவ வீட்டுக்காரர் ஆபீஸ் போன பெறகுதான் வீட்டுக்குப் போகுது. அவருக்கு அதெல்லாம் பத்து வருஷத்துப் பழைய புடவை. யாருன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

ஜார் இப்ப நல்லா ஓடுது. மூடி மட்டும் வேற மாடலுக்கு உள்ளது, கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அரைக்கணும். மூடிக்குத் தனியா ஆர்டர் போடச் சொல்லுதாக. நான் மாட்டேன்னுட்டேன்.

தீபாவளிக்குப் புடவை எடுத்து அனுப்புதேன்னு சொன்னியே, தயவுசெஞ்சு ஆன்லைன்ல போட்டு என் விலாசத்தைக் குடுத்துடாத. கடையில எடுத்து, கிளாம்பாக்கத்துல தென்காசி ஆம்னி பஸ் எதுலயாவது போட்டு விடு. டிரைவர் நம்பரை மட்டும் அனுப்பு. ராத்திரி ஏத்தினா காலையில இவுக புது பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கிக்கிடுவாக. மாம்பழக் கலர் வேண்டாம், போன வருஷமும் அதான் எடுத்த.

உன்,
உலகு