இரண்டு டிக்கெட், நான்கு பேர்

அக்டோபர் மாதத்து சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கும் இருட்டு விலகவில்லை. கேம்பிரிட்ஜில் மில் ரோடை ஒட்டிய சந்து ஒன்றில், வார இறுதிக்காக வாடகைக்கு எடுத்திருந்த சிறிய வீடு. என் அம்மாவும் மாமியாரும் யாருக்கும் தெரியாமல் எழுந்து உப்புமாவுக்குத் தாளித்திருக்கிறார்கள். மிளகாய் கருகிய புகை மேலே போனதும் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி வீடே அதிரும்படி அலறத் தொடங்கியது. நான் நாற்காலி மேல் ஏறி அதை அடக்குவதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்துவிட்டது. என் மனைவியின் பட்டமளிப்பு நாள் இப்படித்தான் விடிந்தது.

மும்பை செம்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் அவள். முப்பத்தாறு வயதில் கேம்பிரிட்ஜில் கல்வியியல் எம்.ஃபில். படிக்க இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. "பச்சப் புள்ளைய விட்டுட்டு அப்படி என்ன படிப்பு?" என்று கேட்டவர் என் அம்மா. நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் விமானம் ஏறினாள். கேள்வி கேட்ட அதே அம்மா மறுவாரம் சிவகங்கையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். ஓராண்டு முழுவதும் பேத்திக்குத் தலைவாரி, டிபன் பெட்டி கட்டி, ஜுரம் வந்த இரவுகளில் கண் விழித்தது அவர்தான். மாமியார் மாதத்தில் பத்து நாள் வந்து கைகொடுத்தார்.

பட்டமளிப்புக்கு நாங்கள் நால்வர் வந்திருந்தோம். விருந்தினர் டிக்கெட் இரண்டுதான். மண்டபம் சிறியது, அதற்கு மேல் கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு அந்த இரண்டு அட்டைகளும் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தன. "நீ போடா. எனக்கு அந்த இங்கிலீஷெல்லாம் புரியாது" என்றார் அம்மா. "இங்கிலீஷ் இல்லை அத்தை, லத்தீன். அங்க யாருக்குமே புரியாது" என்றாள் மனைவி. இரண்டு தாய்மார்களும் உள்ளே போவது, நானும் மகளும் வெளியே நிற்பது என்று முடிவானது. அந்த ஓராண்டின் கணக்கைப் பார்த்தால் அதுதான் நியாயம்.

கேம்பிரிட்ஜில் பட்டம் வழங்கும் மண்டபத்துக்கு செனட் ஹவுஸ் என்று பெயர். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1730ல் கட்டி முடிக்கப்பட்ட வெண்கல் கட்டடம். ஒரு பக்கம் கிங்ஸ் கல்லூரியின் பெரிய தேவாலயம், முன்னால் புல்தரை, அதைச் சுற்றி இரும்பு வேலி. பட்டம் பெறுபவர்கள் தத்தம் கல்லூரியிலிருந்து தெரு வழியாக வரிசையாக நடந்தே இங்கே வருகிறார்கள். கடைத்தெருவில் காய்கறி வாங்க வந்தவர்களும் சைக்கிள்காரர்களும் நின்று வழிவிடுகிறார்கள். உடை விதிகள் கண்டிப்பானவை: கறுப்பு உடை, வெள்ளைச் சட்டை, கறுப்புக் காலணி, மேலே அங்கி. பட்டுப்புடவை மாலை வரை பெட்டியில் காத்திருந்தது. வரிசையில் வந்தவள் எங்களைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். "அம்மா சிரிக்கறா" என்றாள் மகள்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். இந்த வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதை நீளமானது. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869லும் நியூன்ஹாம் 1871லும் தொடங்கிவிட்டன. பெண்கள் பாடம் படிக்கலாம், தேர்வு எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. 1890ல் பிலிப்பா ஃபாசெட் என்ற நியூன்ஹாம் மாணவி கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணையும் மிஞ்சினார். இதே மண்டபத்தில்தான் அந்த முடிவை வாசித்தார்கள். அவருக்கும் பட்டம் இல்லை. 1897ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, எதிரே இருந்த புத்தகக் கடைக்கு மேலே சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றை மாணவர்கள் கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. 1921ல் மறுபடியும் தோற்றபோது வெற்றிக் களிப்பில் போன ஆண்கள் கூட்டம் நியூன்ஹாம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளைத் தள்ளுவண்டியால் மோதிச் சேதப்படுத்தியது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1948ல்தான்.

நம் ஊர்க் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினி கங்குலியும் சந்திரமுகி போஸும் பட்டதாரிகளானது 1883ல். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912ல். நமக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர்களின் பெருமைமிகு பல்கலைக்கழகம், நம்மைவிட அறுபத்தைந்து ஆண்டு பின்தங்கி இருந்திருக்கிறது.

உள்ளே நடந்ததை என் கைபேசியில் நேரடி ஒளிபரப்பாகப் பார்த்தோம். கல்லூரியின் பிரீலெக்டர் என்ற ஆசிரியர் வலது கையை நீட்டுகிறார். நான்கு பேர் ஆளுக்கு ஒரு விரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலையாமல் இருக்கப் பிள்ளைகள் பெரியவர் கையைப் பிடித்துக்கொள்வார்களே, அதே மாதிரி. இவர்கள் ஒழுக்கத்திலும் கல்வியிலும் தகுதியானவர்கள் என்று அவர் லத்தீனில் சொல்கிறார். பிறகு ஒவ்வொருவராகத் துணைவேந்தரின் ஆசனத்துக்கு முன் மண்டியிட்டுக் கைகூப்ப, ஆசனத்தில் இருப்பவர் அந்தக் கைகளைத் தம் இரு கைகளுக்குள் வைத்து லத்தீனில் ஒரு வாக்கியம் சொல்கிறார். எழுந்தால் பட்டதாரி. அவள் முறை வந்த நேரத்தில் பார்த்துக் கைபேசியில் படம் உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது வேறு யாரோ மண்டியிட்டிருந்தார்கள்.

பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் சான்றிதழோடு வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த அம்மாவிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ல பெரியவங்க கையைப் பிடிச்சு ஆசீர்வாதம் பண்ற மாதிரிதான். என்ன, அட்சதைதான் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைய எட்டாவதோட நிப்பாட்டுனாங்க" என்றார். எனக்கு நாற்பது வயது. இதை அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான் முதல் முறை.

மாலையில் வீடு நிறைந்தது. மில் ரோடில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், பொன்னி அரிசி எல்லாம் கிடைக்கிறது. சாம்பாருக்கு ஒரு குறையும் இல்லை. மனைவியோடு படித்த நைஜீரியப் பெண் பொரித்த வாழைப்பழம் கொண்டுவந்தாள். பெரு நாட்டு இளைஞன் கிட்டாரோடு வந்தான். கோட்டயத்துக்காரர் மீன்கறிச் சட்டியோடு வந்தார். தீபாவளிக்குச் சில நாட்களே இருந்ததால் மாமியார் ஊரிலிருந்து முறுக்கும் லேகியமும் எடுத்து வந்திருந்தார். லேகியம் என்னவென்று விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நைஜீரியப் பெண் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, தன் பாட்டியும் இதே மாதிரி ஒன்று கொடுப்பாள் என்றாள். அவளுடைய வீட்டிலிருந்து யாராலும் வர முடியவில்லை. அன்று இரவு இரண்டு தாய்மார்களும் அவளுக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காம் ஆற்றில் படகுச் சவாரி. தட்டையான படகு, துடுப்பு கிடையாது. நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளுகிறார்கள். குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தைக் காட்டி, நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டியது என்று படகுக்காரப் பையன்கள் கதை விடுவார்கள் என மனைவி முன்பே எச்சரித்திருந்தாள். பாலம் கட்டியது 1749ல்; நியூட்டன் இறந்தது 1727ல். பையன் கதையை ஆரம்பித்ததும் மகள் வருடங்களை ஒப்பித்துவிட்டாள். அவன் சிரித்தபடி அடுத்த பாலத்துக்குத் தாவினான்.

மதியம் டிரினிட்டி கல்லூரி வாசலில் நின்றோம். கோபுர வாசலில் எட்டாம் ஹென்றியின் சிலை கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால் இருக்கிறது, மாணவர் குறும்பு. 1914 ஏப்ரலில் ராமானுஜன் வந்து சேர்ந்த கல்லூரி இது. போர்க்காலக் குளிரில் தானே சமைத்துச் சாப்பிட்டு, 1916ல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். 1918ல் டிரினிட்டியின் ஃபெலோ ஆனார். 1919ல் நோயோடு ஊர் திரும்பி, மறு ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். அந்த ஐந்தாண்டுகளும் அவர் மனைவி ஜானகி இந்தியாவில் இருந்தார். கணவர் வாழ்ந்த இந்த ஊரை அவர் பார்க்கவே இல்லை. பின்னாளில் பம்பாயில் சகோதரர் வீட்டிலிருந்து தையல் கற்று, திருவல்லிக்கேணியில் அந்தத் தொழிலால் வாழ்ந்து, 1994ல் காலமானார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு யாரு டிக்கெட் வாங்கிக் குடுத்தா?" என்றார்.

திங்கட்கிழமை லண்டன் ரயில். வரும்போது நான்கு பேர், திரும்பும்போது ஐந்து பேர். விமான நிலையத்தில் சான்றிதழைப் பெரிய பெட்டியில் வைக்கலாம் என்றேன். "பெட்டி தொலைஞ்சா?" என்று கேட்ட அம்மா, அதை வாங்கித் தன் கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மும்பையில் இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கும் வரை அந்தப் பையை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.