உழைத்த காசும் உழைக்கப்போகும் காசும்

கடனில் தத்தளிக்கும் நிறுவனத்தோடு பேச உட்காரும்போது, சங்கம் முதலில் கேட்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை. போனஸும் பஞ்சப்படியும் அதற்குப் பிறகுதான். மதுரையின் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தே நான் இந்தத் தொழிலைக் கற்றேன். 1918 வாக்கில் ஜார்ஜ் ஜோசப் ஆலைத் தொழிலாளர்களை ஒன்று திரட்டிய ஊர் இது. அன்று எதிரே இருந்தவர் முதலாளி. இன்று அவருக்குப் பின்னால் வங்கிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வரிசையில் நம் இடம் எது என்று தெரியாமல் பேசப் போகக்கூடாது.

திவால் சட்டம் 2016இல் வந்தது. கடன் கொடுத்தவர்கள் குழுவில் ஓட்டு வங்கிகளுக்குத்தான்; தொழிலாளிக்கு இல்லை. ஆனால் நிறுவனத்தைக் கலைத்து விற்கும் நிலை வந்தால், தொழிலாளியின் 24 மாத நிலுவை, அடமானம் பெற்ற வங்கிக்குச் சமமான இடத்தில் நிற்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் விற்பனைச் சொத்தில் சேரவே சேராது. கான்பூர் சணல் ஆலை வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளர் சார்பில் சங்கமே மனுப் போடலாம் என்றது. ஓட்டு இல்லாவிட்டாலும் பிடிமானம் உண்டு.

அதனால் கோரிக்கைகளை இரண்டு தாள்களில் எழுதுவேன். முதல் தாளில் உழைத்து முடித்த காசு: சம்பள பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி. இதில் ஒரு ரூபாய்கூடப் பேரத்துக்கு வராது. இரண்டாம் தாளில் இனி உழைக்கப்போகும் காசு. இங்கே விட்டுக்கொடுக்கலாம், ஆனால் எத்தனை மாதம், எந்தத் தேதியில் பழைய சம்பளம் திரும்பும், அதிகாரிகளுக்கும் அதே வெட்டு உண்டா, ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி எங்கே, இத்தனையும் எழுத்தில் வேண்டும். கப்பலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வரும் தோழர்களுக்கு வாயிற்கூட்டத்தில் இந்த இரண்டு தாள்களையும் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. அவர்களுக்குப் புரியாத ஒப்பந்தம் நெருக்கடியில் நிற்காது.

இந்தப் பிரிவினை ஏன் அவசியம் என்பதற்கு ஜெட் ஏர்வேஸ் சாட்சி. மாதக்கணக்கில் சம்பளம் நின்றிருந்த நிலையில் 2019 ஏப்ரல் 17இல் விமானங்கள் நின்றன. ஜூனில் விவகாரம் திவால் வழக்காக மும்பை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021இல் புது முதலீட்டாளர்களின் மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதில் பி.எஃப்., கிராஜுவிட்டி முழுதாக இல்லை என்று ஊழியர் சங்கங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. முழுதாகக் கொடு என்று 2022 அக்டோபரில் உத்தரவு வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. விமானம் மட்டும் பறக்கவில்லை. 2024 நவம்பர் 7இல் நிறுவனத்தைக் கலைக்க உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது. மீட்புத் திட்டம் காகிதத்தோடு போனது. உழைத்த காசின் மீதான உரிமை கடைசிவரை நின்றது.

ஆனால் அந்த உரிமைக்கு ஆவணம் வேண்டும். பணிச் சேர்க்கை ஆணை, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு மூன்றையும் ஆலை நன்றாக ஓடும்போதே சரிபார்த்து வைக்கச் சொல்கிறேன். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கட்டப்படாத மாதம்தான் நெருக்கடியின் முதல் அறிவிப்பு. பேச்சுவார்த்தையை அந்த மாதமே தொடங்கிவிட வேண்டும்.

நிறுவனம் பிழைக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கைதான். வங்கி கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைத் தேடும். நாற்பத்தைந்து வயது நூற்பாளருக்கு அடுத்த ஆலை எளிதில் கிடைக்காது. அதனால்தான் இரண்டாம் தாளில் தாராளமாக இருக்கிறேன், முதல் தாளில் மட்டும் அசைவதே இல்லை.