வாய் நிறையத் தேன். வயிறு நிறைய எறும்பு!



சரவாக் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கூச்சிங்கிலிருந்து பாக்கோ தேசியப் பூங்காவுக்கு ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். பாக்கோ கிராமம் வரை பேருந்து, அதற்குமேல் படகு. 1957-இல் அமைந்த இப்பூங்கா, சரவாக்கிலேயே மிகப் பழையது.

லிந்தாங் பாதையில் மேடேறினால் நெடுமரங்கள் மறைந்து, வெண்மணலும் குட்டை மரங்களுமாக நிலம் மாறிவிடும். இபான் மக்கள் இதைக் ‘கெராங்காஸ்’ என்பர். நெல் விளையாத நிலம் என்று பொருள். இந்தச் சத்தற்ற மண்ணில் செடி எப்படிப் பிழைக்கும்? அங்கேதான் இருக்கிறது அதிசயம்!

இலை நுனிகளில் பால்மங்கு போலக் குடுவைகள் தொங்குவதைப் பாருங்கள். மலாயில் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை. மண் தராத தழைச்சத்தை இச்செடி பூச்சிகளிடமிருந்து பெறுகிறது. விழுபவற்றில் பெரும்பாலானவை எறும்புகளே.

குடுவையின் விளிம்பில் தேன் ஊறும். வெயிலில் விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்பு தாராளமாக நடந்து, வயிறாரக் குடித்துவிட்டுப் புற்றுக்குத் திரும்பும். மழையிலோ பனியிலோ விளிம்பு நனைந்துவிட்டால் போதும், கால் பிடிப்பற்று வழுக்கி உள்ளே விழும். அடியிலுள்ள நீர் அதைக் கரைத்துச் செடிக்கு உணவாக்கும்.

“எப்போதும் வழுக்கினால் செடிக்கு இன்னும் லாபமாயிற்றே!” என்பீர்கள். அதுதான் இல்லை. போர்னியோவில் ராஃப்லேசியானா வகைக் குடுவைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். விளிம்பை ஓயாமல் நனைத்து வைத்தபோது, எறும்புகள் கூட்டமாகச் சிக்குவது குறைந்தது. முதலில் வந்த எறும்பே விழுந்துவிட்டால், புற்றில் போய்ச் சொல்ல ஆளில்லை அல்லவா? அது உயிரோடு திரும்பினால்தான் உறவையெல்லாம் அழைத்து வரும். அந்நேரம் மழை பிடித்தால் மொத்தக் கூட்டமும் உள்ளே!

நமக்கு மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. குடுவைக்கோ மழைதான் அறுவடை.

இதை அறிந்தபோது நம் பாட்டன்மார் நினைவுதான் வந்தது. ஊர் திரும்பிய கங்காணியின் வெள்ளை வேட்டியையும் இனிய பேச்சையும் நம்பித்தானே பலர் உற்றார் உறவினரோடு கப்பலேறினார்கள்? எறும்பு பொய் சொல்லவில்லை. அது கண்டது வெயில் நாளை மட்டுமே.

தூரத்தில் நல்ல வேலை இருப்பதாக யாராவது உங்கள் பிள்ளைகளிடம் சொன்னால், “மழை நாளில் அங்கே எப்படி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள்.