ஒரு மேசையும் இரு மாணவரும்

பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் சாமான்களுள், எந்தப் பெட்டியிலும் அடங்காத பொருள் ஒன்று பெரும்பாலும் இருந்தது. அது பாதியில் நின்றுபோன படிப்பு. 1974-ஆம் ஆண்டில் ஜி.டி. விரைவு வண்டியில் தில்லி வந்து இறங்கிய எங்களிடமும் அது இருந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

எங்களுக்கு மணமாகி மூன்று திங்களே ஆகியிருந்தன. எங்களில் ஒருவர் வணிகவியல் பட்டம் பெற்று, ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தவர். மற்றவர் புகுமுக வகுப்போடு படிப்பை நிறுத்தித் தட்டெழுத்துப் பழகி, தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை தேடிக்கொண்டவர். கரோல்பாக்கில், வடக்கே 'பர்சாத்தி' என்று வழங்கும் மொட்டைமாடி அறை ஒன்றில் குடியேறினோம். பழைய சாமான் கடையில் மேசை ஒன்று வாங்கினோம். இரண்டு நாற்காலிக்குப் பணம் போதவில்லை. ஒரு பக்கம் நாற்காலி, மறுபக்கம் தகரப் பெட்டி என்று ஏற்பாடாயிற்று.

கணக்குப் பிரிவில் இருந்தவர் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்னும் அடக்கவிலைக் கணக்கியல் தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டார். தட்டெழுத்தர், தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்து வரலாறு படிக்கலானார். கல்கத்தாவிலிருந்து ஒருவருக்குப் பாடங்கள் வரும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மற்றவருக்கு வரும். ஊரிலிருந்து வரும் கடிதங்களைவிடக் கனத்த அந்த உறைகளைக் கொடுக்க மூன்று மாடி ஏறிவரும் தபால்காரர், எங்களை ஆசிரியர்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்.

கணக்குத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடந்தன. தில்லியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஜூனில் 'லூ' என்னும் அனல்காற்று. டிசம்பரில் விரல் மடங்காத குளிர். இவை போதாவென்று மார்ச் மாதத்து ஆண்டுக் கணக்கு முடிப்பு வேறு. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரவு ஒன்பதுக்கு முன் அலுவலகத்தை விட்டு வெளியே வர முடியாது. பேரேட்டில் சில காசுகள் இடித்தாலும் அவற்றைத் தேடி ஒரு வாரம் போகும். தேர்வு விடுப்புக் கேட்டால், "படிக்க வந்தீரா, வேலை பார்க்க வந்தீரா?" என்பதே மேலதிகாரியின் விடையாக இருந்தது. இவ்வாறு கோடைத் தேர்வுக்குப் படிக்க எஞ்சுவது மே மாதம் மட்டுமே.

அத்தேர்வில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண் பெற வேண்டும். தொகுதி முழுவதற்கும் சராசரி 50 வர வேண்டும். ஒருமுறை எல்லாத் தாளிலும் நாற்பதைத் தாண்டியும் மொத்தத்தில் ஆறு மதிப்பெண் குறைந்து தொகுதி முழுவதும் போயிற்று. அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் காலையில் காப்பி போடும்போதுதான், "ஆறு மதிப்பெண்ணுக்கு ஆறு மாதம், மாதம் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவருக்குச் சிரிப்பு வந்தது.

அத்தகைய சிரிப்புகளால்தான் அந்த ஆண்டுகளைக் கடந்தோம். கரோல்பாக்கில் கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பிப் பொடி, வீடு சேரும்வரை கையில் சூடாக இருக்கும். குளிர்கால மாலையில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கி, வண்டி வருமுன் தீர்த்துவிடுவோம். நாலைந்து வீடுகள் சுற்றி அட்டை கிழிந்து எங்களிடம் வரும் ஆனந்த விகடனையும் கல்கியையும் பாடம் முடிந்த பிறகே தொடுவது என்று சட்டம் செய்திருந்தோம். அச்சட்டத்தை மீறாத நாள் அரிது. கோடை இரவுகளில் மாடித் தரையில் நீர் தெளித்துக் கட்டிலைப் போட்டுப் படுத்தால், ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் விடை சொல்லுவார். விடை வராவிட்டால் தூக்கம் வந்துவிட்டது என்று பொருள்.

படித்தது வீட்டுக்குள்ளும் நுழைந்தது. திட்ட அடக்கத்துக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள மாறுபாட்டைக் கண்டறிவது கணக்கியலில் ஒரு முக்கியப் பாடம். அதை வீட்டு அரிசிக் கணக்கில் பயன்படுத்திப் பார்த்தவருக்கு, "திட்டம் போட்டவர் நீங்கள்; பத்து நாள் தங்கிவிட்டுப் போனவர் உங்கள் அண்ணா; மாறுபாட்டுக்கு நானா பொறுப்பு?" என்ற விடை கிடைத்தது. ஞாயிறு மாலைகளில் 1973-இல் குடமுழுக்குக் கண்ட இராமகிருஷ்ணபுரம் மலைமந்திருக்குப் போவோம். அல்லது லோடி தோட்டத்துக்குப் போவோம். அங்கே சிக்கந்தர் லோடியின் கல்லறை முன் நின்று வரலாற்று மாணவி பாடம் நடத்துவார். தந்தைக்குக் கல்லறை எழுப்பிய இப்ராகிம் 1526-இல் பானிப்பட்டில் மடிந்த கதையைக் கேட்டுக்கொண்டே கணக்கு மாணவர் புல்தரையில் கண்ணயர்ந்துவிடுவார்.

1977-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களுக்கு மகள் பிறந்தாள். தட்டெழுத்து வேலையை விட வேண்டியதாயிற்று. மேசையின் ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. தகரப் பெட்டியின் மேல் குழந்தைத் துணிகள் அடுக்கப்பட்டன. "பாடங்கள் வருகின்றனவா?" என்று ஒருவர் கேட்கவில்லை, மற்றவர் சொல்லவும் இல்லை. குழந்தை அழாதிருக்க இரவெல்லாம் மாடியில் தோளில் போட்டு உலவிய கால்களின் ஓசை அறைக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைப் படிப்புக்குக் கிடைத்த அமைதி என்று மட்டுமே எண்ணிக்கொண்டோம் என்பதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

1979-இல் கணக்குத் தேர்வின் கடைசித் தொகுதியும் தேறியது. பதவி உயர்வு வந்தது. வேறு வீடு பார்த்தோம். சாமான் கட்டும் நாளில் தகரப் பெட்டியைத் திறந்தபோது, பழைய புடவை ஒன்றின் அடியில் பல்கலைக்கழக உறைகள் ஏழு இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "பிரித்தால் படிக்கத் தோன்றும், அதனால்தான்" என்பது மட்டுமே அவருடைய விளக்கம். குறை கூறும் குரலில் அது சொல்லப்படவில்லை. அதனாலேயே அதைத் தாங்குவது கடினமாக இருந்தது. ஐந்தாண்டுக் கணக்கின் ஐந்தொகை அன்று எங்கள் முன் விரிந்தது. வரவுப் பக்கம் நிறைந்திருந்தது. அது யாருடைய பற்று என்பதைத்தான் நாங்கள் எழுதாமல் விட்டிருந்தோம்.

அடுத்த ஆண்டே வரலாற்று மாணவி மீண்டும் சேர்ந்தார். புது வீட்டில் மேசைக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன. கணக்குத் தேர்வில் தேறியவர் சாம்பார் வைக்கப் பழகினார். முதல் மூன்று மாதம் அவர் வைத்த சாம்பாரின் மாறுபாட்டை எந்தக் கணக்காயராலும் விளக்க இயலாது. நேர்முக வகுப்பு நடக்கும் ஞாயிறுகளில் மகளை லோடி தோட்டத்துக்கு அழைத்துச் செல்வதும் அவர் பொறுப்பாயிற்று. 1983-இல் பட்டம் கிடைத்தது. "அம்மா பாஸ்!" என்று கத்திக்கொண்டு எங்கள் மகள் படிக்கட்டு முழுவதும் ஓடினாள். பதவி உயர்வு வந்த நாளில்கூட எங்கள் வீட்டில் அத்தனை ஆரவாரம் இருந்ததில்லை.

இன்று அந்தப் பெயர்கள் மாறிவிட்டன. அஞ்சல்வழிக் கல்வி நிலையம் 2004-இல் திறந்தநிலைக் கல்விப் பள்ளியாயிற்று. கணக்கு நிறுவனமும் 2012-இல் புதுப்பெயர் கொண்டது. பாடங்கள் கைப்பேசியிலேயே வருகின்றன. ஆயினும் வேலை முடிந்து களைத்த முகத்தோடு, இரவில் படிக்கும் இளந்தம்பதியர் நம் சங்கத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றனர். "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று எங்களைக் கேட்கிறார்கள்.

வேர்க்கடலையையும் விகடனையும் தேர்வு முடியும்வரை தள்ளிவைக்காதீர்கள் என்கிறோம். தேர்வுகள் முடிவதே இல்லை. இன்னொன்றும் சொல்லுவோம்: வாரம் ஒருமுறையாவது மேசையின் மறுபக்கத்தை எட்டிப் பாருங்கள், அங்கே பிரிக்காத உறை இருக்கிறதா என்று கேளுங்கள். நாங்கள் கேட்க மூன்றாண்டு தாமதித்தோம்.

அந்த மேசை இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஒரு கால் சற்று ஆடுகிறது. பேத்தி அதில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.