'ஏன்?' என்று கேட்டோம், வேலை தப்பியது!

ஐயப்பன்தாங்கலிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்த நாளில் நான் கற்ற ஒரு விஷயம், வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கும் பயன்படும்.

எலக்ட்ரானிக் போர்டுகளில் ஈயம் உருக்கிச் சின்னச் சின்னப் பாகங்களை ஒட்டவைப்பது எங்கள் வேலை. சால்டரிங் என்போம். பக்கத்து மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். காலையில் அவள் செய்த போர்டுகள் பளிச்சென்றிருக்கும். மத்தியானத்துக்கு மேல் செய்தவையோ 'ரிஜெக்ட்' ஆகித் திரும்பும். "இந்த வாரம் பார்ப்பேன், அப்புறம் நிறுத்திடுவேன்" என்றார் சூப்பர்வைசர்.

"காலையில செஞ்ச அதே கைதானேக்கா மத்தியானமும் செய்யுது?" என்று கண் கலங்கினாள் அவள்.

நியாயமான கேள்விதானே! சாப்பாட்டு வேளையில் இருவருமாக உட்கார்ந்து யோசித்தோம். ஈயம் ஏன் ஒட்டவில்லை? சால்டரிங் அயர்னின் முனை கறுத்துப் போய், சூடு சரியாக இறங்கவில்லை. ஏன் கறுத்தது? முனையைத் துடைக்கிற ஸ்பாஞ்ச் காய்ந்து கிடந்தது. அது ஏன் காய்ந்தது? காலையில் ஒரு தடவைதான் தண்ணீர் விடுவார்கள். அவள் மேஜையோ ஃபேனுக்கு நேர் கீழே!

அன்று முதல் சாப்பாட்டுக்குப் பிறகும் ஸ்பாஞ்சை நனைத்தோம். ரிஜெக்ட் குறைந்தது. விவரத்தைச் சொன்னதும், சூப்பர்வைசர் எல்லா மேஜைக்கும் அதையே வழக்கமாக்கினார். அவள் வேலையும் நிலைத்தது.

ஒரு கோளாறுக்கு ஐந்து தடவை 'ஏன்' கேட்பது, ஜப்பானின் டொயோட்டா கார் கம்பெனியில் பெயர்பெற்ற முறையாம். தொழிலாளர்களே சிறு குழுவாகக் கூடிக் குறைகளை ஆராயும் 'தர வட்டம்' 1962ல் அந்த நாட்டில்தான் தொடங்கியது. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998ல் வாங்கியது யார் தெரியுமா? நம் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு! இந்தியாவில் அதுதான் முதல்.

நீங்களும் செய்து பாருங்களேன். கோளாறு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று முதலில் குறித்துக் கொள்ளுங்கள். 'யார் செய்தது?' என்று ஆரம்பிக்காமல், 'ஏன் நடந்தது?' என்று கேளுங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள்.

குழந்தை டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறதா? "திமிர்" என்று அதட்டுமுன் 'ஏன்' என்று கேளுங்கள். மூடி இறுக்கமாக இருந்து, பிஞ்சுக் கையால் திறக்க முடியாமல்கூட இருக்கலாம்!