புது லேப்டாப்புக்கு 42,000 ரூபாயா, 2,500 ரூபாயில் முடியுமா? அக்காவின் அரசு லேப்டாப் கதை

30 வயதை ஒட்டியவர்கள் இருக்கும் வீடா உங்களுடையது? பீரோ மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ ஓர் அரசு லேப்டாப் இருக்க வாய்ப்பு அதிகம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. எல்காட் மூலம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருக்கும். எத்தனை பேர் அந்த லினக்ஸைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை!

என் அக்காவுக்கு அது ப்ளஸ் டூ படிக்கும்போது, 2013-ல் கிடைத்தது. இன்று மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சித்தாலப்பாக்கத்தில் இருக்கும் இரண்டு கடைகளுக்கு அதே லேப்டாப்பில் டேலி கணக்கு போடுகிறாள். போன வருடம் ஒருநாள், "ஆன் பண்ணிட்டு குக்கர் வெச்சா, மூணு விசில் வந்தப்புறம்தான் ஸ்கிரீன் வருதுடி" என்றாள். மணி பார்த்தேன். 4 நிமிடம் 10 விநாடி. மாமா ஏற்கெனவே 42,000 ரூபாய் லேப்டாப் ஒன்றை இ.எம்.ஐ-யில் பார்த்து வைத்திருந்தார். மெயின் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடையிலோ, "ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்றிருக்கிறார்கள். அதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதுல அப்பா போட்டோ இருக்குடி."

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் பள்ளிக்கரணையில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். ஆல்பங்கள் எல்லாம் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. லேப்டாப் மட்டும் அக்காவின் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தது. அப்பா 2019-ல் போய்விட்டார். அம்மா, அப்பா கல்யாணப் படங்களை அக்கா என்றோ விளையாட்டாக போனில் எடுத்து லேப்டாப்பில் போட்டுவைத்தாளே, அவைதான் இன்று எங்களிடம் இருப்பவை.

சரி, லேப்டாப் ஏன் இப்படித் தவழ்கிறது? வயசாகிவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் வயசானது உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்தான். அதில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு 90 சுற்று. ஒரு ஊசி அதன் மேல் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடுகிறது. ஊசி சரியான இடத்துக்குப் போய், தட்டு சுற்றி வரும் வரை காத்திருந்து படிக்க, ஒவ்வொரு தடவையும் 15 மில்லி விநாடி போல ஆகிவிடும். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால், விண்டோஸ் எழுந்து உட்கார ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படித்தாக வேண்டும். ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்திருப்பது மாதிரி.

எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. பென்டிரைவில் இருப்பது போன்ற சிப்தான், அதைவிடப் பல மடங்கு வேகமானது. காத்திருக்கும் நேரம் மில்லி விநாடியில் ஒரு சிறு பங்குதான். அதனால் 10 வருடப் பழைய பிராசஸர்கூட சுறுசுறுப்பாகத் தெரிகிறது.

உங்கள் லேப்டாப்பின் பிரச்னையும் இதுதானா என்று பார்க்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சும்மா இருக்கும்போதே 'டிஸ்க்' என்பதற்கு மேல் 100% என்று நின்றால் சந்தேகமே வேண்டாம். பக்கத்திலேயே 'மெமரி'யும் 90-ஐத் தாண்டினால் ராமையும் கவனிக்க வேண்டும். அக்காவுடையதில் 2 ஜிபிதான் இருந்தது. இரண்டுமே காரணம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் அந்த ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்க்கில் சில இடங்கள் ஏற்கெனவே கெட்டுவிட்டன என்று அர்த்தம். இந்த நிலையில் டிஸ்க்கை முழுசாக குளோன் எடுக்கக் கிளம்பினால், கெட்டுப்போன இடங்களிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் முதல் வேலையாக படங்களை மட்டும் பென்டிரைவுக்கு மாற்றினேன். மொத்தம் 1,140. இரவு 9 மணிக்கு ஆரம்பித்து, முடியும்போது ஒன்றரை. அக்கா தூங்கப் போகவில்லை. 17 படங்கள் திறக்கவே இல்லை. அதில் கல்யாணப் படம் ஒன்றும் இருந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன், வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் மீதியை கூகுள் டிரைவிலும் ஏற்றச் சொன்னாள்.

மறுநாள் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். 256 ஜிபி எஸ்.எஸ்.டி 1,900 ரூபாய், பழைய மாடல் டிடிஆர்3 ராம் 4 ஜிபி 600 ரூபாய். மெமரி சிப் விலை அதன்பிறகு ஏறியிருக்கிறது. போகும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கடையில் முதல் கேள்வி, "எந்த டைப் மேடம்?" என்பதுதான். பழைய லேப்டாப்புக்கு இரண்டரை இன்ச் சாட்டா. புது மாடல்களில் சூயிங்கம் பட்டை சைஸில் எம்.2 வரும். அதிலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. மாடல் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. சில மெல்லிய லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி போர்டோடு சேர்த்தே வரும், மாற்றவே முடியாது. புது லேப்டாப் என்றால் வாரன்ட்டி விதியையும் பிட்லாக்கர் ரெக்கவரி கீயையும் கழற்றும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது, நிஜமாகவே, 15 நிமிட வேலை. பேட்டரியைக் கழற்றி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைத் திறந்து, பழையதை உருவி, புதியதை அதே இடத்தில் செருக வேண்டும். நேரம் பிடித்தது விண்டோஸ், டேலி எல்லாம் புதிதாகப் போடத்தான். டேலி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கணக்கை பேக்கப் எடுத்து, லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டுத்தான் டிஸ்க்கை மாற்ற வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஆக்டிவேட் செய்வதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

இப்போது 26 விநாடியில் ஆன் ஆகிறது. குக்கரில் அரிசி போடக்கூட நேரமில்லை என்கிறாள்!

எஸ்.எஸ்.டி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. இவ்வளவு பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலிலேயே வராது. டேலிக்காக அக்கா இப்போதைக்கு 10-லேயே இருக்கிறாள். பேங்க் வேலை எதையும் அதில் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் படிக்க, டைப் அடிக்க மட்டும் என்றால் நான் லினக்ஸ் மின்ட் போடச் சொல்வேன். அடுத்த வருடமோ, அதற்கடுத்த வருடமோ அவள் புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் கடன் இல்லாமல், கையில் சேர்த்து வாங்கலாம்.

இன்னொன்று. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கரகரவென்றோ, மெதுவானோ சொல்லிவிட்டுப் போகும். எஸ்.எஸ்.டி சத்தமே போடாமல் ஒருநாள் போய்விடக்கூடும். அதில் அழித்த ஃபைலை மீட்பதும் ரொம்பக் கஷ்டம். அதனால் அப்பா படங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன: லேப்டாப், பென்டிரைவ், கூகுள் டிரைவ்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஆதார் நகலிலிருந்து பாஸ்வேர்டு வரை அதில் கிடக்கும். அக்கா அதை எங்கேயும் கொடுப்பதாக இல்லை. துணியில் சுற்றி, ஜெயலலிதா படம் போட்ட அதே லேப்டாப் பையில் வைத்திருக்கிறாள். அந்த 17 படங்களை எடுத்துத் தருகிற ஆள் யாராவது வருவார்களாம்.