முத்துக்கரையிலிருந்து பொதிகை உச்சிக்கு

தூத்துக்குடிக் கடலில் தொழில் செய்யும் மக்களுக்கு மலை அந்நியப் பொருளன்று. வள்ளம் கரையை விட்டு அகல அகலக் குடிசைகள் மறையும்; தென்னைகள் மறையும்; கோயிற் கோபுரமும் சிறுத்து ஒரு புள்ளியாகும். மேகம் படியாத விடியற்காலையில் அதற்கும் பின்னால் நீலக் கோடாக எழுந்து நிற்பது பொதிகை. கரைக் கோபுரத்தையும் தொலைமலை முகட்டையும் ஒன்றோடொன்று நேர்பிடித்துப் பார்த்தே கடலடியிலுள்ள பார்களின் இடத்தை நம் முன்னோர் தப்பாமல் கண்டனர். புன்னைக்காயலில் நின்று நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையை ஏறத்தாழத் தொட்டுவிடும் என்பதைப் படத்தை விரித்துப் பார்ப்போர் காணலாம். ஆயினும் அந்த மலையில் கால் வைத்தவர் நம் பங்கில் எத்தனை பேர்? சென்ற தை மாதம் நாம் எட்டு இளைஞர்களை அழைத்துக்கொண்டு வேனில் புறப்பட்டதற்கு இக்கேள்வியே காரணம்.

மலைக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி என்னும் கிரேக்க அறிஞர் 'கொல்கோய்' என்ற துறைமுகத்தையும், 'பெத்திகோ' மலையில் பிறக்கும் 'சோலேன்' என்ற ஆற்றையும் குறித்துள்ளார். கொற்கை, பொதிகை, தாமிரபரணி என்று இவற்றுக்குப் பொருள் கூறுவர் அறிஞர். சோலேன் என்பது கிரேக்கத்தில் ஒருவகைச் சிப்பியின் பெயராம். பின்னர் மலைமண்ணை ஆறு அள்ளி வந்து கொட்டிய வண்ணமிருக்க, கடல் பின்வாங்கிற்று. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. துறை பழையகாயலுக்கும், அதன்பின் புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. இன்று நாம் வீடு கட்டியிருக்கும் மண்ணில் ஒரு பகுதி அந்த மலையிலிருந்து வந்ததே.

தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசத்திலிருந்து ஏறுவதே நமக்கு அருகாமை. ஆனால் அது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்காடு. அவ்வழியே உச்சிக்கு ஏற இன்று இசைவில்லை. ஆகவே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, திருவனந்தபுரம் சுற்றி, விதுரை வழியாகப் போனக்காடு சென்றோம். வழியில் காற்றாடிமலையில் இறங்கி, 1752 ஜனவரி 14 அன்று அங்கே உயிர் நீத்த புனித தேவசகாயத்தை வேண்டிக்கொண்டோம். காற்றாலைகளின் இரைச்சல் செபத்தோடு கலந்து ஒலித்தது.

போனக்காடு ஒரு தேயிலைத் தோட்டம். அன்று, தோட்டமாக இருந்தது என்பதே சரி. உரிய கூலி வராமல் தொழிலாளர் தவித்துத் தவித்துச் சிதறிய இடம். பாழடைந்த லயங்களுக்கு முன் வண்டி நின்றபோது, உப்பளத் தொழிலாளியின் மகனான ஓர் இளைஞன் நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து கால்நடை. முதல் நாள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என ஒவ்வொரு ஓடையாகத் தாண்ட வேண்டும். நம்முடன் வந்தோரில் இருவர் சங்கு குளிப்பவர். கடலடியில் மூச்சடக்கும் அவர்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கியதைக் கண்டு மற்றவர் கேலி பேசினர். "ஃபாதர், கீழே போறதுக்குத்தான் எங்களுக்குப் பழக்கம்" என்றார் ஒருவர். ஏழு மடக்கு என்ற வளைவில் கேலி பேசியவர்களும் அமைதியாயினர்.

வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர் குலத்தவர். இம்மக்களை வெறும் சுமைதூக்கிகளாக எண்ணிவிடலாகாது. 1987ஆம் ஆண்டில் இதே மலையில் அறிவியலார் சிலர் களைத்து நடந்தபோது, உடன் வந்த காணிகள் ஏதோ ஒரு செடியின் காயை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. உரிமத் தொகையில் பாதி அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. இதைக் கேட்ட சங்குகுளி இளைஞர், "எங்க தாத்தாமார் பார் பார்த்துக் கொடுத்ததுக்கு இப்படி யாராவது பங்கு வச்சாங்களா?" என்றார். சிப்பியில் குளியாளுக்குப் பங்கு உண்டு; அறிவுக்குப் பங்கு வைத்ததாக நாம் படித்ததில்லை. 1961இல் நடந்த முத்துக்குளிப்பே நம் கரையின் கடைசி. பார்களை நேர்பிடிக்கத் தெரிந்தோரும் குறைந்துவிட்டனர். இன்று அந்த வேலையைக் கையடக்கக் கருவி செய்கிறது. கருவி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, அது பழுதாகும் இரவில் மலையை அறிந்தவன் ஒருவனாவது படகில் இருக்கட்டும் என்கிறோம்.

இரவு அதிருமலை முகாமில் தங்கினோம். யானை வாராதிருக்கச் சுற்றிலும் அகழி, படுக்கப் பாய், உண்ணக் கஞ்சியும் பயறும். பகலில் வியர்த்த உடம்பு இரவில் நடுங்கிற்று. கடற்கரைப் பிள்ளைகள் மேல்சட்டை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தும் உறங்கவில்லை. செபமாலை முடிந்தபின் அவர்கள் பேசியதெல்லாம் ஊரைப்பற்றியே: யார் வளைகுடா நாட்டுக்குப் போகிறான், யார் படகை விற்கிறான் என்று.

மறுநாள் முட்டிடிச்சான் மேடு. பெயருக்கேற்ப ஏறுவோரின் முழங்கால் மார்பில் இடிக்கிறது. பொங்கலப்பாறைக்கு மேல் கயிற்றைப் பிடித்தே வழுக்குப் பாறையைக் கடந்தோம். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கு அது எளிதன்று.

உச்சியில் அகத்தியர் சிலை, சுற்றிலும் மேகம். புறப்படும் முன்பு நம் பங்கிலுள்ள முதியவர் ஒருவர், "அங்கேயிருந்து நம்ம கோயில் தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க சாமி" என்று கேட்டிருந்தார். மேகம் கலைந்த சிறிது நேரத்தில் மேற்கே பேப்பாறை நீர்த்தேக்கமும் கிழக்கே காரையாறு நீர்த்தேக்கமும் மின்னின. அதற்கு அப்பால் வெறும் புழுதிநிறப் பனிமூட்டம். கடல் தெரியவில்லை.

ஆனால் கிழக்குச் சரிவு முழுவதும் தெரிந்தது. மேற்கே விழும் மழை கரமனையாறும் நெய்யாறுமாக அரபிக் கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது நமக்கு. எட்டு அணைக்கட்டுகளில் நெல்லுக்கும் வாழைக்கும் பிரிந்து, தூத்துக்குடி நகரின் குடத்துக்கும் வந்து, கோடையில் திருவைகுண்டத்துக்குக் கீழே மணலில் சுருங்குவதும் அதுவே. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெருகி வந்ததும் அதுவே. அந்நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டம் நிலையத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்தனர். அவ்வெள்ளத்தில் வலைகளையும் வீட்டுச் சாமான்களையும் இழந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் பாறை விளிம்பில் உட்கார்ந்து, "இவ்வளவும் எங்க முகத்துவாரம் வழியாத்தான் போகணுமா?" என்று கேட்டான். ஆம் என்றோம். ஆற்றின் வாயில் மணலும் குப்பையும் அடைத்துக் கிடப்பதை அவன் அறிவான். ஊருக்குத் திரும்பியபின் முகத்துவாரம் தூர்ந்திருப்பது குறித்து அவனே ஒரு மனு எழுதி, கையொப்பம் வாங்கத் தெருத்தெருவாகச் செல்கிறான்.

முதியவரிடம் கோயில் தெரியவில்லை என்று சொன்னோம். "எனக்கு இங்கேயிருந்து அது தெரியுதே, போதும்" என்றார்.

ஏற விரும்புவோர், ஆண்டின் தொடக்க மாதங்களில் கேரள வனத்துறை இசைவு வழங்கும் காலத்தை அறிந்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பெண்களும் 2019 முதல் ஏறுகின்றனர். பிளாஸ்டிக் பொருளும் மதுவும் கூடா. கம்பளியை மறவாதீர்கள்.